குளத்துக்குள் போன ரேஸ் லாரி

என் வீட்டுக்காரர் துபாயில் கிரேன் ஓட்டியவர். எண்பதுகளின் நடுவில் உயரத்திலிருந்து விழுந்து, முதுகெலும்பு நொறுங்கிச் செஞ்சிக்குத் திரும்பினார். கால்கள் மரத்துவிட்டன. கைகளில் பிடிமானம் இல்லை. கட்டைவிரல்களால் அழுத்த முடியும், அவ்வளவுதான். அவரோடு வந்த பெட்டியில் ரிமோட்டில் ஓடும் ஒரு ரேஸ் லாரி இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் கூட்டாளிகளோடு மணலில் பந்தயம் விடுவாராம்.

எங்கள் வாசலுக்கு எதிரே பொட்டல், அதைத் தாண்டினால் குளம். சாயங்காலம் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, மடியில் ரிமோட்டை வைத்துவிடுவேன். லாரி கல்லிலும் முள்ளிலும் குதித்து ஓடும். கவிழ்ந்தால் நான்தான் போய் நிமிர்த்த வேண்டும். பகலெல்லாம் ஜாக்கெட் தைத்து மிதித்த கால்கள் அதற்குள் கெஞ்சும்.

ராத்திரிச் சோறு முடிந்ததும் ரிப்பேர். அவர் சொல்வார், நான் செய்வேன்.

"இன்னா சத்தம் வருது பாரு. பல்சக்கரத்துல மண்ணு பூந்துருக்குது. மோட்டார கழட்டு."

தையல் மெஷினின் சின்ன ஸ்க்ரூடிரைவரால் கழற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மண்ணைத் தட்டி, மெஷின் எண்ணெயே ஒரு சொட்டு விடுவேன். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் செம்புத் தகடு கருகிப்போயிருந்தால் உப்புத்தாளால் தேய்ப்பேன். கண்ணைச் சொருகும். "தூங்காத, ஸ்க்ரூ உருண்டுடும்" என்பார். அந்த லாரியை அப்படியே அடுப்பில் போடலாமா என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

ஒருநாள் பகலெல்லாம் கரண்ட் இல்லை. லாரியின் பேட்டரி அரைகுறையாகத்தான் ஏறியிருந்தது. ரிமோட்டின் செல்களும் தீர்ந்துகொண்டிருந்தன. வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. பொட்டலின் நடுவில் லாரி ரிமோட்டின் பிடியிலிருந்து விடுபட்டது. வேகத் தகடு ஓடிக்கொண்டிருந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டதால் நிற்காமல் நேராக ஓடியது.

"நிக்கலடி! ஓடு, ஓடு!"

ஓடினேன். அதற்குள் அது குளத்தில் இறங்கிவிட்டது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் காலால் துழாவி எடுத்தேன். திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"வுட்டுடு. போதும். உனக்கும் முடியல, எனக்குத் தெரியுது" என்றார்.

எத்தனை மாதங்களாக அந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன்! ஆனால் வந்ததும் நிம்மதி வரவில்லை, பயம்தான் வந்தது. இதுவும் போய்விட்டால் சாயங்காலங்களில் அவர் என்ன செய்வார்?

"சும்மா இருங்க. காய வெச்சா ஓடும்" என்றேன்.

மறுநாள் தையலை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் பிரித்தேன். சேற்றைக் கழுவி, துணித் துண்டுகளால் ஒற்றி, மொட்டை மாடியில் வெயிலில் பரப்பினேன். காக்கா தூக்கிவிடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் திரும்பப் பூட்டி, ரிமோட்டுக்குப் புது செல்கள் போட்டேன். ஓடியது. ஆனால் சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டார் பாதி செத்துவிட்டது. இடப்பக்கம் மட்டும் திரும்பும், வலப்பக்கம் திரும்பாது.

அவர் கொஞ்ச நேரம் முயன்று பார்த்தார். பிறகு பொட்டலில் வட்டம் வட்டமாக விட ஆரம்பித்தார். வலப்பக்கம் போக வேண்டுமென்றால் இடப்பக்கமாகவே முக்கால் வட்டம் அடித்துக்கொண்டு வந்தார். துபாயில் விழுந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

"பரவால்ல, இப்படியே ஓட்டிக்கிறேன். நீ போய் படு" என்றார்.

கை கழுவக்கூடத் தெம்பில்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே படுத்துத் தூங்கிவிட்டேன்.