ஊசி முனை நின்ற இடம்

செவ்வாய்க்கிழமை காலை, பிரின்டரில் பேப்பர் ரோல் மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திருச்சியிலிருந்து எங்கள் டாக்டர் மேடத்தின் தங்கை. "அக்கா போயிட்டாங்கம்மா. காப்பி கேட்டாங்க, கொண்டு வர்றதுக்குள்ள..." என்றார். வெளியே, மேடத்துக்குப் பின் வந்த டாக்டரைப் பார்க்கப் பதினோரு பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

பெரம்பலூரில் எங்கள் ஸ்கேன் சென்டரில் டாக்டர் மங்கையர்க்கரசியிடம் வந்துபோன உங்களுக்கு அவருடைய சுருக்கமான பேச்சு நினைவிருக்கும். நான் கவுன்டரில் இருந்து ரிப்போர்ட் டைப் செய்பவள். ஸ்கேன் என்றாலே "என்ன, விசேஷமா?" என்று கேட்கும் ஊர் இது. மார்பில் கட்டி என்று வரும் பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக் கடைசி பெஞ்சில் ஒடுங்குவார்கள். மேடம் அவர்களைத்தான் முதலில் கூப்பிடுவார். "மத்தவங்க காத்திருப்பாங்க. இவங்க ஏற்கெனவே ஆறு மாசம் காத்திருந்துட்டுத்தான் வந்திருப்பாங்க" என்பார்.

குன்னம் பக்கத்துச் செல்லம்மாள் அப்படி வந்தவர். சுண்டைக்காய் அளவுக் கட்டி. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் அதிலிருந்து செல்களை எடுத்துத் திருச்சி லேபுக்கு அனுப்பினார் மேடம். ரிப்போர்ட் வந்த அன்று அவர் ஊரில் இல்லை. செல்லம்மாள் பக்கத்து வீட்டு போனிலிருந்து மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டார். நான் கவரைப் பிரித்தேன். புற்றுநோய் இல்லை, கொழுப்புச் செல்கள் மட்டும். "ஒண்ணுமில்லைங்க, நிம்மதியா தூங்குங்க" என்றேன். மறுமுனையில் அழுகை. அன்று முழுக்க எனக்கும் சந்தோஷம்.

இரண்டு நாள் கழித்து வந்த மேடம் ஸ்கேன் படத்தையும் ரிப்போர்ட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"விளிம்பெல்லாம் முள்ளு முள்ளா இருக்கு. கொழுப்பு இப்படி இருக்காது. என் ஊசி கட்டிக்குள்ள போகலை, உரசிட்டுப் போயிருக்கு. வரச் சொல்லுங்க."

நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டதைச் சொன்னேன். போன் செய்தால், வர முடியாது என்று வைத்துவிட்டார் செல்லம்மாளின் கணவர். "குன்னத்துக்கு பஸ் எப்ப?" என்றார் மேடம்.

நாங்கள் இருவரும் போனபோது வாசலிலேயே மறித்தார் அந்த மனிதர். "குலசாமிக்குக் கெடா வெட்டிட்டு வந்துட்டோம். இப்ப இருக்குங்கிறீங்க. குத்திக் குத்தி நீங்களே வர வெச்சிருவீங்க போல! அன்னிக்கு ஒண்ணுமில்லைன்னு சொன்னது யாரு?"

நான் ஒரு அடி பின்வாங்கினேன்.

"தாள்ல இருந்ததைத்தான் இவங்க சொன்னாங்க. தப்பு என் ஊசியில" என்றார் மேடம்.

அந்த மனிதர் கதவைச் சாத்தப்போனார். உள்ளிருந்து செல்லம்மாள் வந்தார். "நீ சும்மா இருய்யா. கட்டி ஒனக்கா, எனக்கா?" பிறகு மேடத்தைப் பார்த்து, "இந்தத் தடவை நானும் பாக்கணும்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் மேடம் சொன்னார். "அங்க சொன்னது அவங்களுக்காக. நீங்க செஞ்சதும் தப்புதான். ஒரு தாளை மட்டும் வெச்சு யாருக்கும் நிம்மதி குடுக்காதீங்க."

மறுநாள் ஸ்கேன் திரையைச் செல்லம்மாள் பக்கம் திருப்பி வைத்தார். ஊசி கட்டிக்குள் போவதுபோல் வெள்ளைக் கோடாக இறங்கியது. அன்றும் இப்படித்தான் தெரிந்ததாம். இம்முறை அதோடு விடாமல் கையிலிருந்த கருவியைக் குறுக்காகத் திருப்பினார். கட்டிக்குள் ஊசி தெரியவில்லை; பக்கத்தில் உரசிக்கொண்டுதான் போயிருந்தது. ஊசியைக் கொஞ்சம் இழுத்து, சாய்த்து, மறுபடி செலுத்தினார். செல்லம்மாளின் விரல்கள் என் மணிக்கட்டை நெரித்தன. கட்டியின் கருமைக்கு நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது.

"அதுவா?"

"அதேதான். இப்ப உள்ள நிக்குது."

"அப்ப எடுங்க."

புற்றுநோய்தான். பரவுவதற்கு முன் திருச்சியில் ஆபரேஷன் நடந்தது. செல்லம்மாள் இந்த வருஷமும் பருத்தி எடுத்தார்.

இப்போதும் ரிப்போர்ட் வந்ததும் போன்கள் வரும். "டாக்டர் படத்தோட சேத்துப் பாக்கட்டும், அப்புறம் சொல்றேங்க" என்பேன். "வாயத் தொறந்து சொன்னா என்ன, முத்தா உதிர்ந்துரும்?" என்று ஒரு அம்மா நேற்றுக்கூடத் திட்டினார். கேட்டுக்கொண்டேன். அந்தத் திட்டைப் பேசாமல் வாங்கிக்கொள்ளும் திடம் மேடம் எனக்கு விட்டுப்போனது.