அண்ணன் பெயர் இல்லாத எட்டுப் பலகைகள்

அண்ணன் எடுத்த படங்களுக்குக் கீழே உங்கள் பெயரைப் போட்டுக்கொண்டீர்கள், மாமா.

அண்ணனின் முதலாண்டு நினைவு மலரில் இதை எழுதக் கூடாது என்று அம்மா சொன்னார். அண்ணியும் சொன்னார். நான் எழுதுகிறேன். அம்மாவின் தம்பி, எங்கள் சின்ன மாமாவைத்தான் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் தோட்ட வேலைக்கும் துப்புரவுக்கும் ஆள் வைத்து நடத்துபவர். இந்த மலரை வாங்கும் எல்லோருக்கும் அவரைத் தெரியும்.

அண்ணன் ஆரணியில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அண்ணன் பத்தாவது முடித்த வருடம் அப்பா இறந்தார். அதோடு படிப்பு நின்றது. கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் ஒப்பந்தக் கூலியாகச் சேர்ந்து, பல வருடம் கழித்து நிரந்தரமானார். என்னைப் படிக்க வைத்ததும் கல்யாணம் செய்து கொடுத்ததும் அவர்தான். இடது கையில் தீக்காயத் தழும்பு இருந்தது. அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. பூச்சியைப் பற்றிக் கேட்டால் மட்டும் நிறுத்த மாட்டார்.

ஆலைக்குப் பின்னால் ஏரிக்கரையை ஒட்டி ஒரு மண்பாதை போகிறது. காலை ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடிந்ததும் அண்ணன் வீட்டுக்கு வரமாட்டார். நனைத்த கைக்குட்டையைத் தலையில் போட்டு, அதன் மேல் தொப்பி வைத்துக்கொண்டு அந்தப் பாதைக்குப் போவார். கத்திரி வெயில் என்றால் இன்னும் சந்தோஷம். வெயில் உச்சத்தில் தட்டான் தன் வாலைச் சூரியனை நோக்கிச் செங்குத்தாகத் தூக்கி நிற்கும், உடம்பில் வெயில் குறைவாகப் படட்டும் என்று. அந்த ஒரு படத்துக்காக மூன்று கோடை முட்டி போட்டார். தட்டானைப் பிடித்துக் கம்பியில் அடித்துத் தின்னும் பஞ்சுருட்டான் குருவியையும் எடுத்தார். கீரி, உடும்பு, பொன்வண்டு எல்லாம் எடுத்தார். அவர் கேமரா, கடைத்தெரு ஸ்டுடியோக்காரர் பயன்படுத்திவிட்டு அவருக்கு விற்ற பழையது.

அண்ணி துவைக்கும்போது கத்துவார். "யோவ், எல்லா பேண்ட்டும் முட்டில கிழிஞ்சி கீது. சபையில கேட்டா ஜெபம் பண்ணியே கிழிஞ்சிதுன்னு சொல்லுவியா?"

"ஆமா, ஜெபந்தான். பூச்சி ஆடாம நிக்கணும்னு" என்பார் அண்ணன்.

அந்தப் பாதையில் அவருக்கு மிகவும் பிடித்தது எருக்கஞ்செடிதான். கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட புழு அதன் இலையைத் தின்று வளர்ந்து, ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சியாகும். முட்டையிலிருந்து இறக்கை விரிவது வரை வரிசையாக எடுத்து வைத்திருந்தார்.

போன வருடம் கோடை தொடங்கும்போது மாமா அண்ணன் வீட்டுக்கு வந்தார்; நானும் அங்கே போயிருந்தேன். தொழிற்பேட்டையில் அந்தப் பாதையைப் பட்டாம்பூச்சிப் பாதை என்று திறக்கப் போகிறார்களாம். வேலை மாமாவுக்கு வந்திருக்கிறது. பலகை வைக்கப் படம் வேண்டுமாம். அண்ணன் ஷிஃப்டில் இருந்தார். அவர் படங்கள் இருந்த பென் டிரைவை எடுத்துக் கொடுத்தவள் நான். தப்பு என்னுடையதும்தான்.

"போர்டுல அண்ணன் பேரு போடுவியா மாமா?" என்று கேட்டேன்.

"போடாம? நம்ம புள்ள பேர வுட்டுட்டு எவன் பேர போடுவேன்?" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

திறப்பு விழாவுக்கு மூன்று நாள் முன்னால் மாமாவின் ஆட்கள் பாதையைச் சுத்தம் செய்தார்கள். எருக்கஞ்செடி ஒன்று விடாமல் வெட்டினார்கள். கொசு மருந்துப் புகையும் அடித்தார்கள். அண்ணன் ஆலை உடையிலேயே ஓடினார். நானும் பின்னால் போனேன். வெட்டிப் போட்ட செடிகளில் புழுக்கள் சுருண்டு கிடந்தன.

"மாமா, அதுலதான் புழு கீது. செடி இல்லன்னா பட்டாம்பூச்சி இன்னாத்த துன்னும்?"

"ஆபீசருங்க வராங்கடா. காடு மாரி கெடக்குது. இதக் காட்டினா என் காண்ட்ராக்டு இன்னா ஆவும்?"

"பட்டாம்பூச்சிப் பாதைன்னுதானே பேரு வச்சிகிறீங்க?"

"அதுக்குத்தான் உன் பூச்சிய போர்டுல வச்சிகிறனே. அப்புறம் இன்னா பேஜாரு பண்ற?"

விழா நடந்தது. எட்டுப் பலகைகள். எட்டிலும் அண்ணன் எடுத்த படங்கள். மூலையில் "படங்கள்" என்று போட்டு மாமாவின் பெயர். பாதையில் ஒரு பட்டாம்பூச்சிகூட இல்லை. குரோட்டன்ஸ் தொட்டிகள் இருந்தன. நான் சண்டை போடப் போனேன். "வுடும்மா, பேரு எதுக்கு" என்று அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார்.

அதன் பிறகும் தினமும் போனார். எருக்கை வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். துளிர்த்ததை வாரா வாரம் மாமாவின் ஆட்கள் வெட்டினார்கள். கோடை முடியும் முன்பே ஒரு மாலை அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள் போய்விட்டார். அடக்க ஆராதனையில் மாமா மைக்கை வாங்கி, "அவன் கையில கேமராவக் குடுத்ததே நான்தான்" என்று சாட்சி சொன்னார். நான் அழுதுகொண்டிருந்ததால் தப்பித்தார்.

இந்த மலருக்காகக் கேமராவை எடுத்துப் பார்த்தோம். கடைசியாக நான்கு படங்கள் இருந்தன. பூச்சி இல்லை, செடி இல்லை. நான்கும் பலகையின் அதே மூலை, மாமாவின் பெயர் தெரிகிற மாதிரி. பேரு எதுக்கு என்று சொன்ன மனிதர், யாரும் இல்லாதபோது அதன் முன்னால் நின்றிருக்கிறார்.

அண்ணனை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடிய பக்கத்து வீட்டு அண்ணாவுக்கும், ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றிக் காத்திருந்த ஷிஃப்ட் நண்பர்களுக்கும், ஆறுதல் சொன்ன போதகருக்கும், மலருக்குப் படங்களை அச்சிட்டுத் தந்த ஸ்டுடியோக்காரருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மாமா, இன்று நினைவு நாள் ஜெபம் முடிந்ததும் அண்ணனைப் பற்றிப் பேசும் சாட்சி நேரம். எப்போதும்போல் மைக் முதலில் உங்களிடம்தான் வரும். அவன் நல்லவன், பொறுமைசாலி என்று ஆரம்பிக்காதீர்கள். அது எங்களுக்குத் தெரியும். அந்த எட்டுப் பலகைப் படங்களை எடுத்தது யார், உங்கள் பெயர் அதில் எப்படி வந்தது, என்றைக்கு அழிப்பீர்கள், எருக்கஞ்செடியை இனி வெட்டுவீர்களா மாட்டீர்களா? சபைக்கு முன்னால், மைக்கில் சொல்லுங்கள். நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன்.