பானைக்குள் போட்ட சீலைத்துண்டு

நான் எத்தாளையில் பிறந்தவள். வாப்பாவுக்குத் தோட்டம், வெங்காயமும் மிளகாயும். வானம் இருட்டிக்கொண்டு வந்தால் எங்கள் வீட்டில் பெருநாள் மாதிரி. வாப்பா தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, முகத்தை மேலே தூக்கிக்கொண்டு முற்றத்தில் நிற்பார். "தடிமன் புடிச்சா நான் கசாயம் வெக்க மாட்டன்" என்று உம்மா ஏசுவார். ஏசிக்கொண்டே அவரும் வந்து நனைவார்.

எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது வழக்கம். என் வீட்டுக்காரருக்கு உப்பளத்தை விட்டு வர முடியாது. அதனால் நான் புத்தளத்துக்கு வந்தேன். கடல்நீர் உள்ளே வந்து தேங்கும் களப்பின் கரையை அடுத்த வீடு. கிணறு இருந்தது, தண்ணீர் உவர். அதில் தேயிலை போட்டு ஊற்றிய தேத்தண்ணி சேறு மாதிரிக் கறுத்து, மேலே ஏடு படிந்து கிடக்கும். முதல் நாள் அதைக் குடித்தபோது எனக்குக் கண்ணீர் வந்தது. புதுப்பெண் உம்மாவை நினைத்து அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

வந்த புதிதில் ஒரு நாள் மழை பெய்தது. நான் ஓடிப்போய்ப் பெரிய பேசினைக் கூரை விளிம்புக்குக் கீழே வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே உள்ளே வந்தேன். உள்ளே யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரின் உம்மா, மாமி, எழுந்து போனார். பேசினில் சேர்ந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, அதைக் கவிழ்த்து வைத்தார்.

பிறகு என் வீட்டுக்காரர்தான் சொன்னார்.

"கோவிச்சிக்காத. மழையும் அல்லாஹ்ட ரஹ்மத்துதான். அத ஏசக் கூடாது. ஆனா எங்களுக்கு அதப் பாத்துச் சிரிக்க ஏலாது."

உப்புப் பாத்தியில் விளைந்து நிற்கும் உப்பை ஒரு மழை கரைத்துவிடும் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. மாமி மழைக்கான துஆவை ஒரு தடவையும் விட்டதில்லை. பிரயோசனமான மழையாக ஆக்கித் தா என்று கேட்கும் துஆ. கேட்டுக்கொண்டே அழுவார். அப்படி ஒரு ஈமானை நான் வேறு எவரிடமும் கண்டதில்லை.

அதற்குப் பிறகு மழை பெய்யும்போதெல்லாம் நான் சுளகை எடுத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்துவிடுவேன். மூக்கில் மண்வாசம் ஏறும். குனிந்தே இருப்பேன்.

மாமி மவுத்தாகிவிட்டார். பிள்ளைகள் கலியாணம் முடித்துத் தூரத்தில் இருக்கிறார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். முன்பெல்லாம் மழைக்கு ஒரு காலம் இருந்தது. அதைப் பார்த்து உப்புக் கட்டலாம். இப்போது எந்தக் காலமும் இல்லை, நினைத்த நேரம் வருகிறது. போன வருஷமும் பாதிக்கு மேல் கரைந்தது. இந்த வருஷம் நல்ல வெயில். ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு, அவர் என்னை வரம்பு வழியாகக் கூட்டிக்கொண்டு போனார். அவர் கதை குறைந்த மனிதர்.

"பாரு" என்றார். அவ்வளவுதான்.

பாத்தி பாத்தியாக வெள்ளை. சரிந்த வெயில் பட்டு, ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. பெருநாளைக்கு விரிக்கும் புதுச் சீலைகளை யாரோ தரையில் விரித்து வைத்த மாதிரி. "வடிவாயிரிக்கு" என்றேன். "இன்ஷா அல்லாஹ், நாளைக்கு வாருவம்" என்றார்.

விடிய மழை.

மழையைப் பார்த்ததும் சட்டையைக்கூடப் போடாமல் ஓடினார். மத்தியானம் லுஹருக்குத்தான் திரும்பி வந்தார். உப்பு வாரும் பலகையை வீட்டுக்குப் பின்னால் போட்டார். உடுப்பை மாற்றினார், தொழுதார். சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் எழும்பிவிட்டார்.

நான் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தொழுகைக்குப் பிறகு கையேந்தாமல் அவர் எழும்பியதை நான் கண்டதே இல்லை. பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோதும், மாமியின் ஜனாஸா போன அன்றும், கையேந்தி நெடுநேரம் இருந்தவர். மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அஸருக்கும் அப்படித்தான். மறு நாளும் அப்படித்தான். தொழுகையை விடவில்லை. கேட்பதை விட்டுவிட்டார்.

உப்புப் போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இது பயமாக இருந்தது. அல்லாஹ்விடம் கேட்க ஒன்றும் இல்லை என்று ஒரு மனிதருக்கு ஆகிவிட்டால், அவரை யார் தூக்கி நிறுத்துவது?

உப்பளத்தில் அவரோடு வேலை செய்யும் கூட்டாளி குடையோடு வந்தார். அவருக்கும்தான் கரைந்துபோயிருந்தது.

"என்ன மச்சான், புது மாப்புள மாதிரிக் கட்டில்ல கெடக்கிற? எழும்பு. வரம்பு ஒடஞ்சி கெடக்கு, கட்டுவம்."

"கட்டி?"

"கட்டித் தண்ணி வைப்பம்."

"வெச்சி?"

வந்தவர் என்னைப் பார்த்தார். "உங்கட மாப்புளக்கி உப்புக் கொறஞ்சி போச்சி போல" என்றார். தானே சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன கையோடு எத்தாளையிலிருந்து என் தம்பி போன் எடுத்தான். "ராத்தா! இஞ்ச என்னா மழ! நட்ட கண்டெல்லாம் நிமிந்து நிக்கிது. மச்சானுக்கிட்டச் சொல்லுங்க!" நான் போனைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினேன். "மச்சான் படுத்திரிக்கிறாரு, சத்தம் போடாதடா" என்றேன். அவனுக்கு விளங்கிவிட்டது. "அஸ்தஃபிருல்லாஹ்" என்று சொல்லி வைத்துவிட்டான். பாவம், அவன் சந்தோஷத்தையும் கெடுத்தேன்.

குழாய்த் தண்ணீரும் கொஞ்சம் உவர்தான்; மூன்றாம் நாள் அதுவும் வரவில்லை. கரண்டும் இல்லை. குடத்தில் இருந்ததும் முடிந்தது. கிணற்றில் அதே உவர்த் தண்ணீர். வெளியே வானம் ஊற்றுகிறது. நான் அலுமினியப் பானையைத் தூக்கிக்கொண்டு கூரை விளிம்புக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் மாமி கவிழ்த்து வைத்த அந்தப் பேசினுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

முதல் சொட்டு விழுந்ததும் பானை கொட்டு அடித்த மாதிரிச் சத்தம் போட்டது. உள்ளே அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். அவருடைய உப்பைக் கரைக்கிற மழைக்கு நான் பானை வைத்த சத்தம் அவர் காதில் விழக் கூடாது. ஓடிப்போய், தோய்த்துக் காயவைத்த வெள்ளைச் சீலைத்துண்டு ஒன்றை எடுத்து வந்து பானைக்குள் போட்டேன். சத்தம் அடங்கியது. தண்ணீர் ஊறி ஊறி ஏறியது.

அதை வடித்துக் கொதிக்க வைத்துத் தேயிலை போட்டேன். கண்ணாடிக் கோப்பையில் ஊற்றியதும் என் கை அப்படியே நின்றுவிட்டது. ஏடு இல்லை, கறுப்பு இல்லை. மாதுளை முத்தைப் பிழிந்த மாதிரிச் சிவப்பு. கதவு வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தேன்; அடி வரைக்கும் தெரிந்தது. உம்மா வீட்டுத் தேத்தண்ணி இப்படித்தான் இருக்கும். எனக்குச் சந்தோஷம் வந்தது. வந்த உடனே வெட்கமும் வந்தது. அந்த மனிதர் அப்படிக் கிடக்க, எனக்கு ஒரு கோப்பையைப் பார்த்துச் சந்தோஷம்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். எழும்பி உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி ஒரு மிடறு குடித்தார். நிறுத்தினார். கோப்பையைப் பார்த்தார்.

"இது எந்தத் தண்ணி?"

பொய் சொல்ல வரவில்லை. "மேலால வந்தது."

கோப்பையை எறியப் போகிறார் என்று நினைத்தேன்.

"என்ட உப்பக் கரச்ச தண்ணி" என்றார்.

"ஓம்."

இன்னொரு மிடறு குடித்தார். "சீனி போட்டியா?"

"சீனி முடிஞ்சி."

"இனிக்கிது."

அடி வரைக்கும் குடித்தார். குடித்து முடித்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். வாய்ப் பழக்கத்தில் வந்ததா, மனதிலிருந்து வந்ததா, எனக்குத் தெரியாது. கோப்பையை என்னிடம் தந்துவிட்டுத் திரும்பவும் சுவர்ப் பக்கம் சாய்ந்தார். நான் வாசலைத் தாண்டும்போது குரல் மட்டும் வந்தது.

"பானக்குள்ள கெடக்கிற சீலய எடு. கேட்டா கேக்கட்டும்."

பானைச் சத்தம் எழுந்ததும் அடங்கியதும் அவருக்குக் கேட்டிருக்கிறது. போய் எடுத்தேன். பிழிந்து கொடியில் போட்டேன். தண்ணீர் விழும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

அல்லாஹ் பொதுவானவன். ஒரே மழையில் தம்பியின் கன்று நிமிர்ந்தது, எங்கள் பாத்தி கரைந்தது, அந்தக் கோப்பை சிவந்தது. இதை எப்படிச் சேர்த்துப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லட்டும். மழை பெய்யும் நேரத்துத் துஆ கபூலாகும், ஏற்றுக்கொள்ளப்படும் என்பார்கள். நான் கூரை விளிம்பில் நின்று கையேந்தினேன். நின்றுவிடு என்று கேட்பதா, பெய் என்று கேட்பதா? இரண்டையும் கேட்கவில்லை. அவர் கையை மேலே தூக்க வை ரப்பே என்று மட்டும் கேட்டேன்.

பொழுது சாய்ந்து மஃரிபுக்கு எழும்பி வந்தார். நான் கதவருகில் நின்றேன். சலாம் கொடுத்தார். கை முழங்காலில் கவிழ்ந்தபடியே இருந்தது. ஏந்தவில்லை. ஆனால் எழும்பிப் போகவுமில்லை. வெளியே பானை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கேட்டுக்கொண்டு பாயிலேயே இருந்தார்.