கை பார்த்த சூடு

தங்கராசுவின் கையைப் பற்றி விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் தெரியாதவர்கள் கிடையாது. சூளை சரியாக ஆறுவதற்கு முன்பே உள்ளே புகுந்து, சாக்கு, துணி எதுவும் இல்லாமல், வெந்த பீங்கான் பியூஸ் கட்டைகளை வாரி வெளியே அடுக்குவார். மற்றவர்கள் கையை உதறிக்கொண்டு ஊதிக்கொண்டிருக்கும்போது அவர் நிதானமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார். "இதெல்லாம் ஒரு சூடாய்யா?" என்று கேட்பார். அதில் அவருக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

2006-ல் அவர் மனைவி அமிர்தத்துக்கு வாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. தங்கராசு வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். "அம்மாவ நான் இட்டுக்கிட்டுப் போறன், ஒங்களால முடியாதுப்பா" என்றாள் ஆவடியில் குடியிருந்த மகள் கயல்விழி. அமிர்தம் மாட்டவே மாட்டேன் என்றாள். பேச்சுதான் குழறியது, பிடிவாதம் குழறவில்லை. கடைசியில் மகள் குளியலறையில் வெந்நீர் ஹீட்டர் ஒன்றை மாட்டிக் கொடுத்தாள். "அம்மா ஒடம்புல சின்னதா ஒரு புண்ணு வந்தாலும் வந்து இட்டுக்கிட்டுப் போயிடுவன்" என்று சொல்லிவிட்டு ரயிலேறினாள்.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். பாதி பச்சைத் தண்ணீர், பாதி வெந்நீர், பக்கெட்டில் ஒரு முறை கையை விட்டுப் பார்ப்பது, பிறகு நாற்காலியில் உட்கார வைத்து ஊற்றுவது. தலை சீவிப் பின்னல் போடக்கூடக் கற்றுக்கொண்டார். பின்னல் கோணல்தான். அமிர்தம் அதைக் கேலி செய்வாள்.

தண்ணீர் காய்ந்ததும் ஹீட்டரின் சிவப்பு விளக்கு டப்பென்று அணைவது வழக்கம். மாசி மாதம் அது அணையாமலே எரிய ஆரம்பித்தது. கரண்ட் குறைவாக வருகிறது, அதனால் காய நேரமாகிறது என்று தங்கராசு தானே முடிவு கட்டினார். குழாயைத் திறந்தால் ஆவி சீறியது. குழாயில் காற்று ஏறியிருக்கிறது என்றார். அவரிடம் காரணத்துக்கா பஞ்சம்?

"சுடுது" என்றாள் அமிர்தம்.

அவர் பக்கெட்டில் கையை விட்டுப் பார்த்தார். "எங்கடி சுடுது? வெதுவெதுன்னுதான் இருக்குது. ஒடம்பு முடியாததால ஒனக்கு அப்பிடித் தோணுது."

மறுநாளும் சொன்னாள். அவருக்கு எரிச்சல் வந்தது. சூளையிலேயே காலம் தள்ளியவனுக்கு இவள் சூட்டைப் பற்றிப் பாடம் நடத்துகிறாளா? அதற்குப் பிறகு அவள் சொல்வதை விட்டுவிட்டாள். இடது பக்கத்தில் தண்ணீர் பட்டால் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டாள். உணர்ச்சி இல்லாத வலது பக்கம் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு நாள் துடைத்துவிடும்போதுதான் வலது தொடையில் தோல் வெந்து, கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருப்பதைப் பார்த்தார்.

ஹீட்டர் மெக்கானிக் நந்தகுமார் வந்தான். "நீங்க எப்பிடி கலப்பீங்களோ அப்பிடியே கலந்து காட்டுங்கண்ணே" என்றான்.

தங்கராசு பாதிக்குப் பாதி கலந்து கையை விட்டுத் துழாவினார். "இதான் பதம்."

விரலை விட்ட நந்தகுமார் 'ஆ' என்று இழுத்துக்கொண்டான். தங்கராசுவின் கை இன்னும் தண்ணீருக்குள்ளேதான் இருந்தது. "அண்ணே, கைய எடுங்க!" என்று கத்தினான்.

பிறகு கரண்டை நிறுத்தி, தண்ணீரை வடித்து, மூடியைக் கழற்றினான். உள்ளே போர் தண்ணீரின் உப்பு அடை அடையாகப் படிந்திருந்தது. சூடு ஏறினால் கரண்டைத் துண்டிக்க வேண்டிய தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு கிடந்தது. உப்பைச் சுரண்டிப் புது தெர்மோஸ்டாட் போட்டதும் விளக்கு பழையபடி டப்பென்று அணைந்தது. "ஹீட்டரு சரியாயிடுச்சிங்க" என்றான். அவர் கையை ஒரு தரம் பார்த்தான்.

அத்தனை காலம் பெருமையடித்துக்கொண்ட கை, பொண்டாட்டியை வேகவைத்துவிட்டது.

சேதி தெரிந்து கயல்விழி வந்தாள். தாயின் தொடையைப் பார்த்து அழுதாள்.

"ஹீட்டரு கெட்டுப்போச்சி" என்றாள் அமிர்தம், ஒவ்வொரு சொல்லாக. "ரிப்பேரு பண்ணியாச்சி. அப்பா மேல தப்பு இல்ல."

"அப்பிடியாப்பா?"

தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆட்டச் சொல்லி அமிர்தத்தின் கண் கெஞ்சியது. தங்கராசுவால் முடியவில்லை. "ஒங்கம்மா சுடுதுன்னுதான் சொன்னா. நான்தான் நம்பல. என் கையிக்குச் சூடே தெரியலம்மா. நீ இட்டுக்கிட்டுப் போயிடு."

ஆட்டோ வந்தது. அவரே அவளைத் தூக்கி உட்கார வைத்தார். அமிர்தம் இடது கையால் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"சுடுதுன்னன், கேக்கல" என்றாள். மூச்சு வாங்கியது. "இந்தக் கை நல்லாத்தான இருக்குது. தண்ணிய நான் தொட்டுப் பாத்துச் சொல்ல மாட்டனா? இப்பயும் என்னக் கேக்கல."

தங்கராசு குனிந்து அவளுடைய இடது கையையே பார்த்தார். கயல்விழி மெதுவாக அந்த விரல்களைப் பிரித்துவிட்டாள். ஆட்டோ ரயில்வே ஜங்ஷன் பக்கம் திரும்பியது.