கோபுரம் தெரியும் வளைவு

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே போய் நின்றால், விண்வெளிக்குப் புறப்படும் ஒன்பது ஆண்களைப் பார்க்கலாம். கண்ணில் மஞ்சள் கண்ணாடி, கையில் பாதி விரலுக்கு மட்டும் உறை, முதுகில் குழாய் வைத்து உறிஞ்சிக் குடிக்கும் தண்ணீர்ப் பை. இடுப்பில் பஞ்சு வைத்துத் தைத்த அரைக்கால் சட்டை. அதற்கு மேல் வேட்டி. ஊர் எல்லை தாண்டும் வரை வேட்டி அவிழாது. சம்பந்தி வீடுகள் வழியில் இருக்கின்றன. தலைக்கவசம் எல்லாரிடமும் உண்டு. ஹேண்டில்பாரில் பத்திரமாகத் தொங்கும்.

போகும் இடம் செவ்வாய்க் கிரகம் அல்ல, ஸ்ரீவில்லிபுத்தூர். பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கே போய், ஆளுக்கு நூறு கிராம் பால்கோவா தின்று, வழியில் கரைத்த கொழுப்பை உடனுக்குடன் மீட்டுக்கொண்டு வீடு திரும்புவார்கள்.

பத்தாவது ஆளாக, கூட்டத்துக்குச் சற்றுப் பின்னால் நிற்பவர் வெங்கடேஸ்வரி. வயது நாற்பத்தாறு. பேண்டேஜ் துணி நெய்யும் ஆலையில் சோதனைப் பிரிவில் வேலை. கீழே விளக்கெரியும் கண்ணாடி மேசை மீது துணி ஓடிக்கொண்டே இருக்கும். எங்கே ஒரு நூல் விட்டிருக்கிறது என்று பார்த்து நிறுத்த வேண்டும். பத்தொன்பது வருடமாக நிறுத்திக்கொண்டிருக்கிறார்.

அவருடைய சைக்கிள், மகள் கார்த்திகாவுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த நீலச் சைக்கிள். முன்னால் கூடை, சங்கிலிக்கு முழுத் தகர மூடி. கியர் கிடையாது. மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பிறகு அது மாடிப்படிக்குக் கீழே வெங்காயச் சாக்கைத் தாங்கிக்கொண்டு நின்றது. சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, தினமும் நடங்கள் என்று மருத்துவர் சொன்னதும் வெங்கடேஸ்வரி நடந்துதான் பார்த்தார். தெருவில் இருபத்திரண்டு வாசல். ஒவ்வொரு வாசலிலும் ஒரு கேள்வி. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறீர்களா, வீட்டுக்காரர் லாரி எங்கே நிற்கிறது, ஏன் இளைத்துவிட்டாய், ஏன் பெருத்துவிட்டாய். நாலாம் நாள் சாக்கை இறக்கி வைத்துவிட்டுச் சைக்கிளை வெளியே எடுத்தார். ஓடுகிற சைக்கிளை நிறுத்திக் கேள்வி கேட்க நம் மக்களுக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.

கணவர் பாண்டிச்செல்வம் லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் நாலு நாள் கேரளத்தில் இருப்பார். மதுரை ரோட்டில் விடிகாலையில் ஒரு பெண் தனியாகச் சைக்கிள் மிதிப்பதா என்று யோசித்தார். யோசித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"கூட்டத்தோட போனாப் போ. தனியாப் போற கத கெடையாது."

கூடவே இன்னொன்றும் சொன்னார். "லாரி சீட்டுல ஒக்காந்து பாத்தா கருப்புச் சட்டை போட்டவன் தெரியவே மாட்டான். வெள்ளையாப் போடு."

விலை உயர்ந்த கருப்பு உடுப்புகளில் ஒன்பது பேரும் இருட்டோடு இருட்டாகப் போக, வெங்கடேஸ்வரி மட்டும் சுடிதாருக்கு மேல் ஆலையில் கழித்துப் போட்ட பேண்டேஜ் துணியைக் குறுக்கே சுற்றிக்கொண்டு, கணவரின் மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வருவார். பார்த்தால், எங்கேயோ பலமாக அடிபட்டவர் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சைக்கிளில் வருவது போல இருக்கும். ஆனால் லாரிக்காரர்கள் அவரைப் பார்த்துத்தான் ஒதுங்கினார்கள். முன்னால் போன ஒன்பது பேரும் அது தங்களுக்கான மரியாதை என்று நினைத்தார்கள்.

அந்த இரண்டரை மணி நேரத்தில் அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. வாரத்தில் அவருக்கென்று இருந்தது அவ்வளவுதான். அதற்குத்தான் ஆபத்து வந்தது.

மூன்று மாதத்தில் மூன்று விபத்து. மூன்றும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முன்னால் ஒரு தென்னந்தோப்பு முடிந்து ரோடு வளைகிற ஒரே இடத்தில். மூன்றிலும் விழுந்தவர் குழுத் தலைவர் ஜபருல்லா. இரும்புச் சாமான் கடைக்காரர். குழுவிலேயே அதிகச் சாதனம் வைத்திருப்பவர். காற்று எதிர்ப்பைக் குறைக்க முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தோடு ஒட்டிப் போக வேண்டும் என்று மூன்று மாதத்துக்கு முன் ஏதோ வீடியோவில் பார்த்து, அதை எல்லாருக்கும் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

முதல் முறை விழுந்ததும் டயரில் காற்று சரியில்லை என்று தீர்ப்பானது. ஒன்பது பேரும் அளவுமானி வைத்த பம்பு வாங்கினார்கள். இரண்டாம் முறை பிரேக் சரியில்லை. பிரேக் மாற்றினார்கள். அப்புறம் கண் திருஷ்டி என்று சிவனாண்டிக்குத் தோன்றியது. அவர் ஒரு நூற்பாலையில் மேலாளர், எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதவர். ஹேண்டிலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார். அது அறுந்து இன்னொருவர் சக்கரக் கம்பிக்குள் புகுந்து, நல்லவேளை, சாறு மட்டும்தான் தெறித்தது.

மூன்றாம் முறை ஜபருல்லாவோடு சேர்ந்து இருளப்பசாமியும் விழுந்தார். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லாருக்கும் ஏட்டய்யா. அன்று அவர்தான் முன்னால் போனார். தோளில் காறை எலும்பு விரிசல் விட்டது. தலைக்கவசத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. அது ஹேண்டில்பாரில் இருந்தது.

அன்று சாயங்காலம் குழு முழுவதும் ஆரஞ்சுப் பழத்தோடு ஏட்டய்யா வீட்டில் கூடியது. அவர் மனைவி குருவம்மாள் பழத்தை வாங்கிக்கொண்டார். வந்தவர்களை உட்காரச் சொல்லவில்லை.

"இனிமே சைக்கிள் கிய்க்கிள்னு ஒருத்தனும் இந்த வாசல்ல வந்து நிக்கக் கூடாது. அறுவது வயசுல என்ன சர்க்கஸ் வேண்டிக் கெடக்கு?"

ஜபருல்லா தலை குனிந்து சொன்னார். "மதினி சொல்றது சரிதான். எங்க வீட்டுலயும் அதேதான் சொல்லுதாக. வார ஞாயித்துக்கெழமை ஒரு தடவ போயிட்டு வந்து, அதோட குழுவக் கலச்சிருவோம்."

குழு கலைந்தால் வெங்கடேஸ்வரிக்கு ஞாயிற்றுக்கிழமையும் திங்கட்கிழமை மாதிரிதான். அதனால், கூட்டத்தில் இதுவரை வாய் திறந்திராதவர் திறந்தார்.

"ஏட்டய்யா, தப்பா நெனைக்காதீக. நான் பின்னாடி இருந்து பாத்தேன். நீங்க ரெண்டு கையையும் எடுத்தீக."

"நான் எதுக்குத்தா கைய எடுக்கேன்?"

"தோப்பு முடிஞ்சதும் கோபுரம் தெரியுதுல்லா. கும்பிட்டீக. கும்பிடயில காலும் தன்னால நின்னுருது. ஒட்டி வாரவுக என்ன செய்வாக? முந்தி ரெண்டு தடவையும் முன்னால போனவுக இதத்தான் செஞ்சாக."

ஆறு வருடம் போக்குவரத்துப் பிரிவில் நின்று, கையை விட்டு ஓட்டியவனையெல்லாம் பிடித்து எழுதிய மனிதர் ஏட்டய்யா.

"ஏத்தா, நாப்பது வருசமா அந்தக் கோபுரத்தக் கும்பிடுதேன். சாமியக் கும்பிட்டா சாமி புடிச்சுத் தள்ளி விடுமா?"

"ஏட்டி வெங்கடேசு," என்றார் குருவம்மாள், "அவிய எலும்பு விரிஞ்சு கெடக்காக, நீ ஆண்டாளக் கொற சொல்லுதயா?"

"நான் கையே எடுக்கல," என்றார் சிவனாண்டி. "ஓட்டயில ஹேண்டில விட்டதா சரித்திரமே கெடையாது."

மற்றவர்களும் அப்படியே சொன்னார்கள். பொய் இல்லை. அன்றாடம் சட்டைப் பொத்தான் போடுகிற கை எப்படி நினைவில் இருக்காதோ, அப்படித்தான் இதுவும். ஆலையில் துணியைப் பார்க்காமலே "எங்க தறியில நூல் விடாது" என்று சாதிப்பவர்களோடு வெங்கடேஸ்வரி வாதாடியது கிடையாது. துணியைக் கொண்டுவந்து விளக்குக்கு மேலே போடுவார்.

கடைசி ஞாயிறு. பாண்டிச்செல்வம் பாலக்காட்டில் இருந்தார். வெங்கடேஸ்வரி ஐந்து மணிக்கே தனியாகப் புறப்பட்டார். வீட்டுச் சட்டத்தை அவர் மீறியது அந்த ஒரு நாள்தான். தெரிந்த வரை. வளைவுக்கு வந்து, ரோட்டை விட்டுத் தள்ளி மண்ணில் சைக்கிளை நிறுத்தி, தகர மூடிக்குள் விரலை விட்டுச் சங்கிலியைத் தன் கையாலேயே கழற்றிவிட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, பாவமாக நின்றார். ஒரு பெண் பாவமாக நின்றால் போதும்; மிச்சத்தை ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எட்டுப் பேரும் பறந்து வந்தார்கள். வெள்ளைத் துணியைக் கண்டதும் ஜபருல்லா கத்தினார். "ஏலே, நிறுத்துங்கலே! அக்கா நிக்காக!"

"என்னக்கா, முந்தி வந்துட்டீக?"

"செயின் கழண்டுருச்சு பாய்."

அவ்வளவுதான். ஒன்றரை வருடமாக ஒருமுறைகூடத் திறக்கப்படாத எட்டுக் கருவிப் பைகள் ஒரே நேரத்தில் திறந்தன. எட்டு விதமான திருப்புளியும் ஸ்பேனரும் வந்தன. கியர் சைக்கிளுக்கு வாங்கிய எதுவும் அரசாங்கத்து மூடியின் திருகில் பொருந்தவில்லை.

"இது எட்டாம் நம்பர்லே."

"பத்துலே."

"ஒனக்கு என்னலே தெரியும், தள்ளு."

சர்ச்சை முற்றிக்கொண்டிருக்கும்போது விடிந்தது. தென்னை மட்டைகளுக்கு அப்பால் இருந்த சாம்பல் நிறம் விலகி, கோபுரம் தெளிவாக எழுந்து நின்றது. சிவனாண்டி தற்செயலாக நிமிர்ந்தார். கையில் திருப்புளியோடு இரண்டு கையும் உச்சிக்குப் போயின. அவர் போனதும் பக்கத்தில் இருந்தவர் கை. அடுத்து இன்னொருவர். ஏழு பேர், பதினாலு கை. இருவர் கன்னத்திலும் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் கன்னத்தில் மசகெண்ணெய்.

சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜபருல்லா மட்டும் அத்தனையையும் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அடப்பாவிகளா! மூணு மாசமா என்னையத் தூக்கிப் போட்டது இந்தக் கைகதானாலே?"

"எந்தக் கை?" என்று கேட்ட சிவனாண்டி, தலைக்கு மேலே பார்த்தார். அவருடைய கைதான்.

"கும்பிடாதடான்னு நான் சொல்லல. எனக்கும் பள்ளிவாசல் வந்தா வாய் தன்னால முணுமுணுக்கும். ஆனா ஒம் பின்னாடி ஒருத்தன் வாரான்ல!"

வெங்கடேஸ்வரி அப்போதுதான் பேசினார். "நின்னு கும்பிட்டா யாருக்கும் ஒண்ணும் இல்ல பாய். இப்ப யாராச்சும் விழுந்தாகளா? தோப்பு முடிஞ்சதும் எறங்கணும். செத்த நேரம் நின்னு கும்பிட்டுட்டுப் பொறவு ஏறணும். அம்புட்டுத்தான்."

தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆனாலும் முகங்கள் தெளியவில்லை. கடைசியில் சிவனாண்டி மெல்ல விஷயத்தைச் சொன்னார்.

"நின்னா ஆவரேஜ் கொறஞ்சிருமே, யக்கா."

ஆளுக்கொரு கைப்பேசி, அதில் வேகத்தைக் கணக்குப் போடும் செயலி, அதில் வருகிற சராசரி வேகத்தைத்தான் திங்கட்கிழமை அலுவலகத்தில் காட்டுவார்கள். எலும்பு விரிந்தால் கூடிவிடும். சராசரி குறைந்தால் குறைந்ததுதான்.

"நாம நின்னா அதுல கடியாரமும் தன்னால நிக்கும்படி வைக்கலாமாம்ல," என்றார் வெங்கடேஸ்வரி. "நேத்து கார்த்திகாட்ட கேட்டேன். செட்டிங்ஸ்ல மூணாவதா இருக்காம்."

எட்டுத் தலையும் கைப்பேசிக்குள் குனிந்தன. மூன்றாவதாக இருந்தது.

குழுவைக் கலைக்கிற பேச்சு அங்கேயே நின்றது. ஆனால் ஏட்டய்யா வீட்டு அனுமதி இல்லாமல் மற்ற வீடுகளிலும் அனுமதி கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும். வெங்கடேஸ்வரி தானே போய்க் குருவம்மாளிடம் சொன்னார். கேட்டு முடித்த குருவம்மாள், "ஒங்க பேச்சையெல்லாம் நம்ப முடியாது. நானே பாக்கணும்," என்றார்.

அடுத்த ஞாயிறு ஒரு ஆட்டோ வளைவில் நின்றது. உள்ளே கையைத் தூளியில் தொங்கவிட்ட ஏட்டய்யா, பக்கத்தில் குருவம்மாள். ஒன்பது சைக்கிளும் வந்தன. ஜபருல்லா விசில் ஊத, எல்லாரும் பிரேக் பிடித்து இறங்கினார்கள். நின்று கும்பிட்டார்கள். ஏட்டய்யாவுக்கும் கை எழுந்தது. ஒன்றுதான் எழுந்தது, மற்றது வலித்தது. அதையும் குருவம்மாள் கவனித்தார்.

"சரி," என்றார். "எலும்பு கூடட்டும். பொறவு தலையில அந்தச் சட்டியப் போட்டுக்கிட்டுப் போகட்டும். தொங்கப் போட்டுக்கிட்டுப் போனா நானே வந்து காத்த எறக்கிருவேன்."

எட்டுப் பேரும் அவசரமாகத் தலைக்கவசத்தை எடுத்து மாட்டினார்கள். இரண்டு பேரிடம், திருப்பி மாட்டியிருக்கிறீர்கள் என்று வெங்கடேஸ்வரி சொல்ல வேண்டியிருந்தது.

புறப்படும் முன் ஜபருல்லா தன் விசிலைக் கழற்றி அவர் முன் நீட்டினார். "இனிமே நீங்கதான் தலைவர் அக்கா. முன்னால போங்க."

"வேண்டாம் பாய். முன்னால போனா எனக்கு ரோடுதான் தெரியும். பின்னாடி வந்தாத்தான் நீங்க எல்லாரும் தெரிவீக."

விசில் ஜபருல்லா கழுத்துக்கே திரும்பியது. எட்டுப் பேரும் ஏறி, ஒருவருக்கொருவர் ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விட்டு, பால்கோவாவை நோக்கிப் போனார்கள். ஆட்டோவும் ஊர் திரும்பியது. வெங்கடேஸ்வரி இன்னும் புறப்படவில்லை. இத்தனை நாளும் எல்லார் கைகளையும் பார்த்துக்கொண்டே வந்ததில் அந்த வளைவில் அவர் ஒருமுறைகூடக் கும்பிட்டதில்லை. நீலச் சைக்கிளுக்குத் தாங்கியைப் போட்டு, கணவரின் தலைக்கவசத்தைக் கழற்றிக் கூடைக்குள் வைத்துவிட்டு, கோபுரத்தைப் பார்த்து நிதானமாகக் கைகூப்பினார். நேரம் எடுத்துக்கொண்டார். அவருடைய கைப்பேசியில் அந்தச் செயலி கிடையாது.