வழி அடைத்திருக்கிறது

மொராக்கோவின் ஃபெஸ் பழைய நகரத்துச் சந்துமுனையில் நின்று, வரும் வெளிநாட்டுக்காரர்களிடமெல்லாம் "அந்தப் பக்கம் அடைச்சிருக்கு மூசியே, என் பின்னால வாங்க" என்று சொல்வதுதான் பூஷ்தாவின் பிழைப்பு. அடைத்தே இருக்காது. சுற்றி இழுத்துப்போய் மச்சானின் தோல்கடையில் தள்ளிவிடுவான்.

ஒரு மழைநாளில் அந்தச் சந்துக்குள் பழைய வீட்டுச் சுவருக்கு முட்டுக்கொடுத்த மரம் முறிந்து, சுவர் வயிறு தள்ளி நின்றது. அப்போது வந்த தம்பதியைப் பூஷ்தா கைநீட்டி மறித்தான்.

"போகாதீங்க மதாம். இன்னிக்கு நெஜமாவே வழி இல்ல."

அந்தப் பெண் சிரித்தாள். "வழி அடைச்சிருக்குன்னு எவனாவது சொன்னா நம்பாம நேரா போங்கன்னு படிச்சிட்டுத்தான் வந்திருக்கோம்."

புதினா விற்கும் தூஹாமி விழுந்து விழுந்து சிரித்தான். "உன் பொழப்பு கடல் தாண்டி நாறுதுடா."

பூஷ்தா கையை இறக்கிக்கொண்டான். "போய்த் தொலைங்க."

சுவர் சரிந்தது. இருவரின் உடலையும் கழுதை முதுகில் போட்டுத்தான் வெளியே கொண்டுவந்தார்கள்.

சுவரை எடுத்துக் கட்டியாகிவிட்டது. வழி திறந்தே கிடக்கிறது. பூஷ்தாவும் அதே முனையில்தான் நிற்கிறான்.

"அந்தப் பக்கம் அடைச்சிருக்கு மதாம். என் பேச்ச நம்பாமப் போன புருஷன் பொண்டாட்டி செத்தே போனாங்க."

இப்போது எல்லோரும் நம்புகிறார்கள். மச்சான் கடையில் நிற்க இடமில்லை.