சும்மா கிடந்த கரைக்கு மானியம்

ஊரில் அவருக்கு வரப்புத்தின்னி என்று பெயர். வருடா வருடம் மண்வெட்டியால் வரப்பை ஓரம் சீவிச் சீவி, நடப்பவர் கால் வயலுக்குள் வழுக்கும் அளவுக்கு ஒல்லியாக்கிவிட்டவர். அரை அடி கிடைத்தால் அதில் நாலு சோளத்தட்டை நிற்குமே என்பார். கேலி செய்தால் கோபம் வராது. சோம்பேறிகளுக்கு வேறென்ன தெரியும் என்று நினைத்துக்கொள்வார்.

சோம்பேறி என்றால் அவருக்கு முதலில் நினைவுக்கு வருவது கூடப்பிறந்த தம்பிதான். அப்பா பிரித்துக்கொடுத்ததில் இருவருக்கும் ஓடையோரம் ஆளுக்கொரு துண்டு. அண்ணன் நாணலை வேரோடு பிடுங்கி, தண்ணீர் விளிம்புவரை உழுதார். தம்பி ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடவில்லை. அவன் துண்டில் புதர் மண்டிப் பறவைகள் கூடு கட்டின. "உன் களை விதையெல்லாம் என் வயல்ல விழுது" என்று தொடங்கிய சண்டையில் பேச்சுவார்த்தை நின்று எட்டு வருடம் ஆகிவிட்டது.

இப்போது பறவைகள் தங்கட்டும் என்று ஓடைக்கரையை உழாமல் விட்டவர்களுக்கு அரசாங்கம் வருடாவருடம் மானியம் தருகிறதாம். தம்பி மனுப் போட்டிருக்கிறானாம். மனைவி சொன்னதும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"முதுகொடிய உழைச்சவனுக்கு ஒண்ணும் கிடையாது, காலை நீட்டிப் படுத்தவனுக்குப் பணமா?"

"நாமளும் ஓரத்தை விட்டிருக்கலாம்," என்றாள் மனைவி.

அது இன்னும் எரிந்தது. கேட்டால் நியாயம் என்பார். பொறாமைதான், கலப்படமில்லாத பொறாமை. தம்பிக்கு அந்தப் பணம் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மறுநாள் வேளாண்மை அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றார். எழுத்தர் அம்மா வந்து உட்கார்ந்ததும் கொட்டித் தீர்த்தார்.

"அவனுக்குக் குடுக்காதீங்கம்மா. பறவைக்காகவா விட்டான்? சோம்பேறித்தனம். எட்டு வருஷமா அங்க ஏர் படல, மருந்து படல, ஒரு புல்லைக்கூட வெட்டல. பக்கத்து நிலத்துக்காரன் நான், கண்ணால பாத்தவன்."

"உறுதியாத் தெரியுமா? எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?"

போட்டார். காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டார். அந்த அம்மா ஏதோ விளக்க வாயெடுப்பதற்குள் எழுந்து வந்துவிட்டார்.

பத்தாம் நாள் தம்பி வாசலில் நின்றான்.

"மானியம் கிடைச்சிருச்சுண்ணே. அஞ்சு வருஷமாவது உழாம கிடந்துச்சுன்னு பக்கத்து நிலத்துக்காரர் எழுதித் தரணும்னாங்க. எனக்கு ஒரு பக்கம் ஓடை, மறுபக்கம் நீ. உன்கிட்ட எந்த மூஞ்சியோட கேப்பேன்? மனுவைத் திருப்பி வாங்கிக்கலாம்னு போனேன். உன் கையெழுத்தைக் காட்டினாங்க." தம்பி ஒரு படி ஏறி வந்தான். "சோம்பேறின்னும் எழுதியிருந்தே. இருக்கட்டும். நான் கேக்காமலே செஞ்சிருக்கே."

மனைவி புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். உண்மை அவர் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினார். பணம்தான் தம்பிக்குப் போயிற்று, நல்லவன் என்ற பெயரையும் எதற்கு விடுவது?

"சரி சரி, உக்காரு," என்றார்.

தம்பி உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "நீயும் இந்த வருஷமே ஓரத்தை விட்டுருண்ணே. அஞ்சு வருஷம் கழிச்சு நான் எழுதித் தரேன்."

ஐந்து வருடம். அதுவரை இவன் வாங்குவதை வருடாவருடம் வேடிக்கை பார்க்க வேண்டும். தம்பி கையை விடுவதாக இல்லை, அவரும் சிரித்துக்கொண்டே இருந்தார்.